ஊசியும் நாடாவும்: ஏர்சாஃப்ட் உடுப்புத் தைக்கும் வாசகர்களின் கேள்விகள்

பிளவுஸுக்குக் கைக்குழி வெட்டுவது பற்றியும் திரைச்சீலைக்கு மடிப்பு வைப்பது பற்றியுமே வழக்கமாகக் கடிதம் வரும் இந்தப் பகுதியில், சென்ற இதழில் ஒரு வாசகருக்குத் தடித்த நைலான் துணியைப் பற்றி நான்கு வரி எழுதினேன். அதன் விளைவாக, ஏர்சாஃப்ட் விளையாட்டுக்கு வேண்டிய வெஸ்ட் (பைகளை மாட்டிக்கொள்ளும் கையில்லா மேலுடுப்பு), பை, இடுப்புப் பட்டை முதலியவற்றைத் தாங்களே தைத்துக்கொள்ள முயலும் வாசகர்களும் அவர்களைப் பெற்றவர்களும் பிரிட்டனின் பல ஊர்களிலிருந்து எழுதியிருக்கிறார்கள். எனவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பிளவுஸ் வாசகிகள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (ஹாரோவிலிருந்து ஒரு தாய்): என் மகனுக்கு 19 வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களுடன் ஏர்சாஃப்ட் விளையாடப் போகிறான். "நீங்கள்தான் நன்றாகத் தைப்பீர்களே அம்மா, எனக்கும் ஒரு வெஸ்ட் தைத்துத் தாருங்கள்" என்று கேட்கிறான். துப்பாக்கி என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது. தைத்துக் கொடுக்கலாமா? வீட்டில் இருப்பது சாதாரணத் தையல் இயந்திரம்தான்.

பதில்: துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள், ஆகவே உங்கள் தயக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஏர்சாஃப்ட் என்பது, உண்மைத் துப்பாக்கிக்குக் கடுமையான கட்டுப்பாடுள்ள ஜப்பானில் 1970களில் தோன்றிய விளையாட்டு. பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் குண்டுகளைக் காற்றின் அழுத்தத்தால் தள்ளும் பொம்மைத் துப்பாக்கிகளைக் கொண்டு, இரண்டு அணிகளாகப் பிரிந்து, அடிபட்டவர் தாமே கையுயர்த்தி ஒப்புக்கொண்டு வெளியேறும் ஆட்டம் அது. பிரிட்டனில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குண்டின் ஆற்றல், தொடர்ச்சியாகச் சுடக்கூடியவற்றில் 1.3 ஜூல் அளவையும் மற்றவற்றில் 2.5 ஜூல் அளவையும் தாண்டாதவரை அவை உண்மைத் துப்பாக்கியாகக் கருதப்படுவதில்லை. ஆனால் பார்வைக்கு அவை துப்பாக்கியாகவே இருப்பதால், தக்க காரணமின்றிப் பொது இடத்தில் அவற்றைக் கொண்டு திரிவது குற்றம். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதும் குற்றம்.

ஆகவே உங்கள் மகனுக்கு முதலில் தைத்துக் கொடுக்க வேண்டியது, துப்பாக்கி வெளியே தெரியாதபடி மூடி எடுத்துச் செல்லும் ஒரு நீண்ட பை என்பேன். துப்பாக்கியின் நீளத்தோடு 10 சென்டிமீட்டர் கூட்டி இரண்டு செவ்வகங்களை வெட்டி, இடையில் ஒரு தட்டை ஃபோம் வைத்து, மூன்று பக்கமும் ஓடும் ஜிப் பொருத்தினால் போதும். எல்லாம் நேர்த்தையல் என்பதால் உங்கள் இயந்திரம் திணறாது. அவன் அதைப் பேருந்தில் கொண்டு போகும்போது உங்களுக்கும் மனம் பதறாது. வெஸ்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (லெஸ்டர்): கோர்டூரா என்னும் தடித்த நைலான் துணியில் 1000 டெனியர் வாங்குவதா, 500 டெனியரா? எண் பெரிதானால் துணியும் நல்லது என்று கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: டெனியர் என்பது துணியின் தரத்துக்கு இடப்பட்ட மதிப்பெண் அன்று, அது நூலிழையின் எடை. 9000 மீட்டர் நீளமுள்ள இழை 500 கிராம் நிறுத்தால் அது 500 டெனியர். 1000 டெனியர் துணி உராய்வைக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் ஒரு பையின் மூலையில் துணி இரண்டாக மடிந்து, இன்னொரு மடிப்போடு சேர்ந்து, மேலே ஓர நாடாவும் ஏறும்போது ஆறு அடுக்காகிவிடும். அந்த இடத்தில் வீட்டு இயந்திரத்தின் ஊசி வளைந்து தட்டில் மோதி முறியும். வீட்டில் தைப்பவர்களுக்கு 500 டெனியரே போதும்; முழங்காலும் முழங்கையும் தரையில் தேயும் இடங்களுக்கும் பையின் அடிப்பாகத்துக்கும் மட்டும் 1000 டெனியர்த் துண்டு ஒன்றை மேலே போட்டுத் தைத்துக்கொள்ளுங்கள்.

துணியின் ஒரு பக்கம் பளபளவென்று பூச்சிட்டு இருக்கும். அது உள்பக்கமாக வர வேண்டும். பூச்சுப் பக்கத்தை மேலே வைத்துத் தைக்க நேர்ந்தால், இயந்திரத்தின் அழுத்துபாதம் அதில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் எண்ணெய்த்தாளில் ஒரு கீற்று வெட்டி, பாதத்துக்கும் துணிக்கும் இடையில் வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுத்தால் வேலை முடிந்தது. குண்டூசி குத்தாதீர்கள், பூச்சில் விழுந்த துளை ஆறுவதில்லை. துணி காயப்போடும் சின்னக் கிளிப்புகளே நல்லவை.

முதற்பழக்கத்துக்குப் புதுத் துணி வாங்குவதையும் நான் சொல்ல மாட்டேன். பிரிட்டிஷ் படை 2010 முதல் புதிய உருமறைப்பு வடிவத்துக்கு மாறியதால், டி.பி.எம். என்ற பழைய பச்சை, பழுப்பு, கறுப்புத் திட்டு உடுப்புகள் உபரிக் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு பழைய காற்சட்டையைப் பிரித்தால், மடிப்புடன் கூடிய தொடைப் பைகள் இரண்டு தைத்த நிலையிலேயே கையில் வரும். பிரிக்கும்போதே அந்தத் தையல்காரர் எந்தெந்த மூலைக்கு இரட்டைத் தையல் போட்டிருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே பிரியுங்கள். அதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): தடித்த நைலான் நூல் வாங்கினேன். மேல்நூல் பஞ்சாகப் பிரிந்து அறுந்துபோகிறது. அறாத இடத்தில் தையல் தாவிவிடுகிறது. என் இயந்திரம் பழுதா, நூல் பழுதா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் பழுதில்லை, ஊசிதான் பொருந்தவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் தெரியும் நூல்கண்டில் 40 என்று எண் இருக்கிறது. இது ஏறத்தாழ டெக்ஸ் 70, அதாவது 1000 மீட்டர் 70 கிராம் நிறுக்கும் நூல். இத்தகைய பிணைப்பு நைலான் நூலின் இழைகள் பிரியாமலிருக்க ஒருவகைப் பசை பூசப்பட்டிருக்கும். ஊசிக்கண் சிறியதாக இருந்தால், ஒவ்வொரு தையலுக்கும் நூல் அந்தக் கண்ணில் பலமுறை உரசிப் பசை உதிர்ந்து, நீங்கள் சொல்வதுபோல் பஞ்சாகிவிடும். சட்டை தைக்கும் 80 அல்லது 90 எண் ஊசியில் இந்த நூல் ஓடாது. 110 எண் ஊசி வேண்டும். அந்த எண் ஊசித்தண்டின் தடிமனைக் குறிக்கிறது: 110 என்றால் 1.1 மில்லிமீட்டர். ஒரு சாண் நூலை ஊசியில் கோத்து, நூலின் இரு நுனியையும் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். ஊசி தன் எடையிலேயே வழுக்கிக் கீழே இறங்கினால் ஊசியும் நூலும் பொருத்தம். நடுவில் நின்றுவிட்டால் பொருத்தமில்லை.

அடுத்தது நூல்கண்டு நிற்கும் இடம். இந்த நூல் சுருள்வில் போல விறைப்பாக இருக்கும். வீட்டு இயந்திரத்தின் சிறிய கம்பியில் பெரிய கண்டைச் செருகினால் ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டு, மேல்நூலின் இழுவிசை ஒரு நேரம் கூடும், ஒரு நேரம் குறையும். கண்டை இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு கோப்பைக்குள் நிறுத்தி, அதற்கு நேர் மேலே ஒரு கம்பி வளையம் கட்டி, நூல் செங்குத்தாக மேலே ஏறி வளையத்தைக் கடந்து வருமாறு செய்யுங்கள். என் கடையில் அந்த வளையம் ஒரு பழைய துணிக்கொளுவியை வளைத்துச் செய்ததுதான்.

தையல் தாவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தடிப்பான இடத்தில் ஏறும்போது அழுத்துபாதம் முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் தாழ்ந்து சாய்கிறது; அப்போது துணி ஊசியோடு சேர்ந்து மேலெழும்புவதால் கீழேயுள்ள கொக்கி நூற்கண்ணியைப் பிடிக்கத் தவறுகிறது. அதே தடிமனில் மடித்த ஒரு துண்டுத் துணியைப் பாதத்தின் பின்பகுதிக்கு அடியில் வைத்துச் சமன் செய்யுங்கள். அந்த மேட்டைத் தாண்டும் ஐந்தாறு தையலை மட்டும் மோட்டாரை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றிப் போடுங்கள். தையல் நீளம் 3 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். நெருக்கமான தையல் உறுதியானது என்ற எண்ணம் பருத்திக்குப் பொருந்தலாம். பூச்சிட்ட துணியில் நெருங்கிய துளைகள் அஞ்சல்தலை ஓரம்போல் கிழிவதற்கு வழி செய்துவிடும்.

இவ்வளவும் செய்தபின்னும் ஓடவில்லை என்றால் பிடிவாதம் வேண்டாம். டெக்ஸ் 45 அளவுள்ள பாலியெஸ்டர் நூலை எடுத்து, 100 எண் ஊசியில், ஒரு தையலுக்குப் பதிலாகப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தையல் போடுங்கள். ஏர்சாஃப்ட் பைக்கு அது தாராளம். புதிய இயந்திரம் வாங்கும் எண்ணம் இருந்தால், பிளாஸ்டிக் பல்சக்கரம் உள்ள புத்தம்புதிய மலிவு இயந்திரத்தைவிட, ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் செய்யப்பட்ட பழைய சிங்கர் 201கே ஒன்றைத் தேடிப் பிடிப்பதையே நான் விரும்புவேன். நேர்த்தையல் மட்டுமே போடும், ஆனால் போட்டால் அது தையல். அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. இயந்திரங்கள் மட்டும் இன்னும் ஓடுகின்றன.

கேள்வி (குரொய்டன்): வெஸ்ட்டின் முன்பக்கத்தில் நாடா வரிசைகளைத் தைத்தேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் கடையில் வாங்கிய பையைப் பொருத்தப் போனால், ஒரு பட்டை நுழைகிறது, அடுத்தது நுழையவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: படத்தை வைத்து அளந்தேன், நீங்கள் தவறிய இடத்தில் நானும் ஒருமுறை தவறியிருக்கிறேன். இந்த நாடாக் கட்டம், அமெரிக்கத் தரைப்படைக்காக மாசசூசெட்ஸ் மாநிலத்து நேட்டிக் ஆய்வுக்கூடத்தில் 1990களில் உருவாக்கப்பட்ட மோலி என்னும் சுமைதாங்கி முறையின் பகுதி. அதற்கு முன், 1973 முதல் இருந்த ஆலிஸ் முறையில் பைகளை இடுப்புப் பட்டையில் உலோகக் கொக்கியால் மாட்டினார்கள். கொக்கி கழலும், பை ஆடும். புதிய முறையில் 1 அங்குல அகல நாடாக்கள் 1 அங்குல இடைவெளியில் கிடையாக ஓடுகின்றன; ஒவ்வொரு நாடாவும் ஒன்றரை அங்குலத்துக்கு ஒருமுறை செங்குத்தாகத் தைத்து இறுக்கப்படுகிறது. பையின் முதுகிலும் அதே போன்ற நாடாக்கள் இருக்கும். வெஸ்ட்டின் நாடா இருக்குமிடத்தில் பைக்கு இடைவெளி, வெஸ்ட்டின் இடைவெளியில் பைக்கு நாடா. கோரைப்பாய் முடையும்போது கோரை நூலுக்கு மேலும் கீழுமாகப் போவதுபோல், பையின் பட்டை வெஸ்ட் நாடாவுக்குள் ஒருமுறை, பை நாடாவுக்குள் ஒருமுறை என்று மாறிமாறி இறங்கினால் இரண்டும் ஒரே உடம்பாகிவிடும்.

இந்த ஒன்றரை அங்குலம் 38.1 மில்லிமீட்டர். அதை நீங்கள் 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டீர்கள். ஒரு கட்டத்தில் 2 மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஆறாவது கட்டத்துக்குப் போகும்போது அது 11 மில்லிமீட்டருக்கு மேலாகிவிடும். பையின் முதற்பட்டை நேராக நுழையும், மூன்றாவது பட்டை தையலின்மேல் முட்டும். அங்குல அளவுகோலையே பயன்படுத்துங்கள். முந்திய குறியிலிருந்து அடுத்த குறியை அளக்காதீர்கள். எல்லாக் குறிகளையும் ஒரே முனையிலிருந்து 1½, 3, 4½, 6 என்று எண்ணி இடுங்கள். அப்போது ஒரு குறியில் நேரும் பிழை அடுத்த குறிக்குத் தொற்றாது.

நாடாவைத் தளர்வாக விடக் கூடாது. தளர்ந்தால் பை தொங்கும். மிக இழுத்தாலும் துணி சுருங்கும். செங்குத்துத் தையல் ஒவ்வொன்றும் துணியைச் சிறிதளவு உள்ளே இழுக்கும் என்பதால், முன்பக்கத் துண்டை அளவுக்கு வெட்டிவிட்டுக் கட்டம் தைப்பது தவறு. நாலு பக்கமும் 2 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, கட்டம் முழுவதையும் தைத்து முடித்தபின், அச்சுத்தாளை மேலே வைத்து அளவுக்கு வெட்டுங்கள்.

திருப்பூர் ஆலைகளில் பார்டேக் என்று சொல்லும் நெருக்கத் தையலைத்தான் அந்தச் செங்குத்துக் கோடுகளில் போட வேண்டும். உங்கள் இயந்திரத்தில் ஜிக்ஜாக் இருப்பதால், அகலம் 3 மில்லிமீட்டர், நீளம் அரை மில்லிமீட்டருக்குள் வைத்து நாடாவின் அகலம் முழுவதும் ஓட்டுங்கள். ஆறு கட்டம் உள்ள ஒரு வரிசைக்கு ஏழு பார்டேக். ஐந்து வரிசைக்கு முப்பத்தைந்து. அலுப்பூட்டும் வேலைதான். ஒரே மூச்சில் உட்காராமல் இரண்டு மாலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இருபதாவதுக்குப் பிறகு கை அவசரப்படும், கோடு சாயும்.

கேள்வி (அதே வாசகர்): பையையும் நானே தைத்துவிட்டால் என்ன? அதற்கு அளவு சொல்வீர்களா?

பதில்: தாராளமாகத் தைக்கலாம். ஆனால் அளவை என்னிடம் கேட்காமல், பைக்குள் போகப்போகும் உங்கள் மேகசினிடம், அதாவது துப்பாக்கியில் செருகும் குண்டுப் பெட்டியிடம் கேளுங்கள். என்னிடம் ஒருவர் கொண்டுவந்த எம்4 வகைத் துப்பாக்கியின் மேகசின் 65 மில்லிமீட்டர் அகலமும் 25 மில்லிமீட்டர் தடிமனும் இருந்தது. முன்துண்டு அதன் முன்பக்கத்தையும் இரண்டு விலாவையும் சுற்றி வர வேண்டும்: 25, 65, 25 ஆக 115. துணியின் தடிமனுக்கும் கைவிட்டு இழுப்பதற்கும் 6, தையல் ஓரத்துக்குப் பக்கம் 10 வீதம் 20. மொத்தம் 141 மில்லிமீட்டர். பின்துண்டு இரண்டு கட்டத்தின் அகலமான 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர் இருக்கட்டும். அதற்கும் மேற்பட்டால் பக்கத்துப் பையோடு இடிக்கும். முதலில் ஒரு பழைய ஜீன்ஸ் துணியில் தைத்து, மேகசினைச் செருகி, தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். விழுந்தால் தளர்வு, இரண்டு விரலால் இழுத்து வராவிட்டால் இறுக்கம். அடியில் தண்ணீர் வடிய ஒரு ஐலெட் (உலோக வளையமிட்ட துளை) அடிக்க மறக்காதீர்கள். இங்கிலாந்தின் மழைக்கு அது இல்லாத பை ஒரு கிண்ணம்.

கேள்வி (நாரிச்): நைலான் நாடா என்று விலை கொடுத்து வாங்கியதை நண்பர் ஒருவர் "இது மலிவு நாடா" என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? கைப்பிடி தைக்கவே வாங்கினேன்.

பதில்: ஒரு விரற்கடை வெட்டி ஒரு குவளைத் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழ் போகும்படி விரலால் அழுத்திவிடுங்கள். மிதந்தால் பாலிப்ரோப்பிலீன், மூழ்கினால் நைலான் அல்லது பாலியெஸ்டர். முன்னது தண்ணீரைவிட இலேசானது. பாலிப்ரோப்பிலீன் வெயிலில் வெகு விரைவில் நைந்து தூளாகும். சுமார் 165 பாகை வெப்பத்தில் உருகிவிடுவதால், ஓரத்தைத் தீயில் காட்டி அடைக்கும்போது சொட்டுச் சொட்டாக ஒழுகிக் கையைச் சுடும். நல்ல நைலான் 250 பாகையைத் தாண்டித்தான் உருகும். எந்த நாடாவானாலும் வெட்டிய நுனியை அடைக்காமல் தைத்தால் பிசிறடிக்கும். சுடர் நாடாவைத் தொடாமல் அருகில் காட்டினாலே போதும். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

விழுந்து கிடப்பவரை இழுக்கும் கைப்பிடி என்று வெஸ்ட்டின் கழுத்தில் ஒன்று தைப்பார்கள். விளையாட்டில் யாரும் இழுக்கப் போவதில்லை என்றாலும், ஆணியில் மாட்டித் தொங்கவிடுவது அதில்தான். முழு எடையும் அங்கே விழும். நாடாவின் இரு நுனியையும் 4 சென்டிமீட்டர் உள்ளே செலுத்தி, ஒவ்வொன்றிலும் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைத்து, துணிக்குப் பின்னால் இன்னொரு நாடாத் துண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். அந்தப் பின்துண்டு இல்லாமல் தைத்தால் தையல் நிற்கும், துணி கிழியும்.

கேள்வி (பர்மிங்காம்): வெஸ்ட்டுக்குள் தகடு வைக்கப் பைவிட்டுத் தைத்திருக்கிறேன். உண்மையான பாதுகாப்புத் தகடு வாங்கி வைக்கலாமா? அதே துணியில் முகக்கவசமும் தைக்க எண்ணம்.

பதில்: தகடு வேண்டாம். உருவம் நிற்பதற்காக 10 மில்லிமீட்டர் ஃபோமை நடுத்தர அளவான ஒன்பதரைக்குப் பன்னிரண்டரை அங்குலத்தில் வெட்டி, மேல்மூலைகளைச் சாய்த்துச் செருகுங்கள். வீட்டில் தைத்த எதையும் உயிர்காக்கும் கவசம் என்று நீங்களும் நம்பக் கூடாது, மற்றவருக்கும் சொல்லக் கூடாது.

வாயையும் மூக்கையும் மறைக்கத் துணிக்கவசம் தைக்கலாம். கண்ணுக்கு முன்னால் தையல்காரருக்கு வேலையே இல்லை. 0.2 கிராம் குண்டு 1 ஜூல் ஆற்றலில் நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் வருகிறது. கண்காப்புக் கண்ணாடிகளுக்கான ஈ.என். 166 என்ற ஐரோப்பியத் தரத்தில் எஃப் என்ற குறி 0.86 கிராம் எஃகுக் குண்டை நொடிக்கு 45 மீட்டரில் தாங்குவதைக் குறிக்கிறது, அது 0.9 ஜூல் அளவைக்கூட எட்டவில்லை. பி என்ற குறி 120 மீட்டர் வேகத்துக்கு, அதாவது 6 ஜூலுக்கு மேல். பி குறியுள்ள முழுமூடிக் கண்ணாடியைக் கடையில் வாங்குங்கள். அதன் பட்டைக்கு வேண்டுமானால் உறை தைத்துக் கொடுக்கிறேன்.

கேள்வி (ஹேய்ஸ்): முதுகில் 'போலீஸ்' என்று எழுதிய வெல்க்ரோப் பட்டி ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். காவலர் போலத் தோற்றம் காட்டுவது சட்டச் சிக்கல். மைதானத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் எரிபொருள் போட இறங்கும்போது பட்டியைக் கழற்ற யாருக்கும் நினைவிருப்பதில்லை.

கேள்வி (ரெடிங்): சேறு அப்பிய வெஸ்ட்டைத் துவைப்பது எப்படி? என் மனைவி இயந்திரத்தில் போட விடமாட்டேன் என்கிறார்.

பதில்: உங்கள் மனைவி சொல்வதே சரி. சேற்றை ஈரத்தோடு தேய்த்தால் இழைக்குள் இறங்கும்; முழுவதும் காயவிட்டுப் பழைய பல்துலக்கியால் தட்டி உதிருங்கள். பிறகு வெல்க்ரோ எல்லாவற்றையும் ஒட்டி மூடி, ஃபோமை உருவிவிட்டு, குளிர்ந்த நீரில் சிறிது சவர்க்காரம் கலந்து குளியல் தொட்டியில் அமிழ்த்தி அலசுங்கள். வெளுப்புத் திராவகமும் உலர்த்தி இயந்திரமும் உள்பூச்சை உரித்துவிடும். கொளுவியில் மாட்டாமல் ஒரு கம்பிமேல் படுக்கப் போட்டு, நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்தபின் தோள்பட்டை சேரும் இடத்திலும் பக்கிள் தைத்த இடத்திலும் நூல் தளர்ந்திருக்கிறதா என்று நகத்தால் நிமிண்டிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் பழைய நூலைப் பிரிக்காமல் அதன் மேலேயே இன்னொரு பார்டேக் போட்டுவிடலாம்.